மூச்சும் துடுப்பும்

ஒகேனக்கலில் பரிசல் ஏறுகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும் பாறைச் சுவரைப் பார்ப்பார்கள், சாரல் படாமல் கைபேசியைப் பொத்திக்கொண்டு படம் எடுப்பார்கள். ஓட்டுகிறவரின் கண் எங்கே இருக்கிறது என்று கவனிப்பவர்கள் குறைவு. அடுத்த தடவை போகும்போது பாருங்கள். அவர் துடுப்பைப் பார்க்க மாட்டார். துடுப்பைப் பிடித்திருக்கும் தன் கையையும் பார்க்க மாட்டார். பரிசலுக்கு முன்னால் சில அடி தள்ளி, தண்ணீரின் மேற்பரப்பில் அவர் பார்வை இருக்கும். எங்கே நீர் வழவழப்பாக ஓடுகிறது, எங்கே சுருக்கம் விழுகிறது, எங்கே அடியிலிருந்து பொங்கி வருகிறது என்பதையெல்லாம் அந்தப் பரப்பு அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சவாரிக்கு வந்தவர்களோடு பேசிச் சிரித்தபடிதான் ஓட்டுவார். சுழி நெருங்கும்போது பேச்சு மட்டும் நின்றுவிடும்.

பரிசல் ஓட்டுவது லேசான வேலை இல்லை. மூங்கில் தப்பைகளை வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாருமாக அடியைப் போர்த்திச் செய்யும் கலம் அது. விட்டம் ஏழடி இருக்கும். மற்றப் படகுகளுக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. நீண்ட அடிப்பாகம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகவே பார்க்கும். வட்டப் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு பக்கம் துடுப்பைப் போட்டால் அது முன்னே போகாமல் தன்னைத்தானே சுற்றும். அதனால் ஓட்டுகிறவர் முன்விளிம்பில் இருந்துகொண்டு, எதிரே உள்ள நீரைத் தன் பக்கமாக இழுக்கிறார். இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு இழுப்பு. ஒவ்வொன்றும் முந்தைய இழுப்பு உண்டாக்கிய சுழற்சியைத் திருத்துகிறது. உண்மையில் அந்தப் பரிசல் ஒருபோதும் நேராகப் போவதில்லை. நொடிக்கு நொடி திரும்பிக்கொள்கிறது, நொடிக்கு நொடி வழிக்குக் கொண்டுவரப்படுகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அது நேர்கோடாகத் தெரிகிறது.

காவிரியும் ஒருநாள் போல மறுநாள் இருப்பதில்லை. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் தண்ணீர் திறந்தால், பிலிகுண்டுலுவில் அளந்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தி வரும். நீர்வரத்து எல்லை மீறினால் மாவட்ட நிர்வாகம் சவாரியை நிறுத்திவிடும். தடை நீங்கித் திரும்ப ஆற்றில் இறங்கும்போது, போன வாரம் பாறையாக இருந்த இடம் இந்த வாரம் நீருக்கடியில் ஒளிந்திருக்கும். பழகிய கையை மட்டும் நம்பி அங்கே ஓட்ட முடியாது. கை பழகியிருக்க வேண்டும், மனமும் அந்த நொடியில் அங்கேயே இருக்க வேண்டும்.

இந்த இரண்டாவது தேவையைத்தான் விளையாட்டு அறிவியல் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறது. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் இன்று கைபேசிச் செயலிகள்வரை வந்துவிட்ட அந்தப் பயிற்சியை இங்கே மனவிழிப்பு என்று சொல்கிறேன். இந்த நொடியில் நடப்பதை, இது நல்லது இது கெட்டது என்று உடனே தீர்ப்பு எழுதாமல் கவனிப்பது என்பதே அதன் சுருக்கம். இதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. புத்தரின் சதிபட்டான சூத்திரம் மூச்சைக் கவனிப்பதோடு நிற்கவில்லை. நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது, கையை மடக்குவது, நீட்டுவது என்று அசையும் உடலையும் கவனத்துக்குள் கொண்டுவந்தது. கண்மூடி அசையாமல் உட்கார்ந்தால்தான் தியானம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பாதி உண்மைதான்.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் இந்தப் பயிற்சியை மதச் சடங்குகளிலிருந்து பிரித்தெடுத்து, தீராத வலியோடு வாழ்கிற நோயாளிகளுக்கான பல வாரப் பயிற்சியாக வகுத்தார். மூச்சைக் கவனிப்பதோடு ஆசனமும் நடையும் அதில் இருந்தன. அவரும் அவரோடு இருந்தவர்களும் அடுத்துத் தேடிப் போனது துடுப்புப் போடுகிறவர்களைத்தான். கல்லூரி அணி வீரர்களுக்கும் ஒலிம்பிக் வீரர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அதன் விளைவை 1985இல் கோபன்ஹேகனில் நடந்த விளையாட்டு உளவியல் மாநாட்டில் சொன்னார்கள். கல்லூரி அணியின் பயிற்சியாளர் தன் வீரர்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தார்கள் என்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களில் சிலர், பந்தயத்துக்குத் தயாராக இந்தப் பயிற்சி உதவியது என்றார்கள். பயிற்சி பெறாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காததால் அதை ஆதாரம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கதவு திறந்தது. 1990களில் ஜார்ஜ் மம்ஃபோர்டு என்பவர் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியை உட்கார வைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

சரி, மனம் ஒரு இடத்தில் நிற்காமல் போவது ஏன்? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு எதிர்பாராத நேரங்களில் கேள்வி அனுப்பினார்கள். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா? கிடைத்த பதில்களில் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருக்கிறது என்பது. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி! இது யாருடைய குறையும் அல்ல, மூளையின் அமைப்பே அப்படி. குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் ஒன்றாகச் சுறுசுறுப்பாகின்றன என்பதை 2001இல் மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினார்கள். நேற்று நடந்ததை அசைபோடுவது, நாளை நடக்கப்போவதை ஒத்திகை பார்ப்பது, அடுத்தவர் நம்மை என்ன நினைப்பார் என்று கணக்குப் போடுவது எல்லாம் அந்த வலைப்பின்னலோடு சம்பந்தப்பட்டவை.

அப்படியானால் தியானம் செய்கிறவர்களின் மனம் அலையாமல் நிற்கிறதா? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசென்காம்ப்பின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான பதில் சொல்கிறது. தியானத்தில் பழகிய 14 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் வேறெங்கோ போய்விட்டது என்று தெரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்களும் அழுத்திக்கொண்டேதான் இருந்தார்கள். பழகியவர்களின் மனமும் அலைந்தது. அலைந்ததைக் கண்டுகொண்ட அந்தக் கணத்தில் இன்சுலா போன்ற பகுதிகள் தூண்டப்பட்டன. உடலின் உட்செய்திகளை வாங்கும் பகுதி இன்சுலா. அதற்கடுத்து, கவனத்தைத் திருப்பும் பகுதிகள் வேலை செய்தன. பிறகு மூச்சில் நின்றது. பிறகு மறுபடி அலைந்தது.

இந்தச் சுற்றைப் படிக்கும்போது எனக்குப் பரிசல்தான் நினைவுக்கு வருகிறது. திரும்பிக்கொள்வது பரிசலின் இயல்பு, அதை வழிக்குக் கொண்டுவருவது ஓட்டுகிறவரின் திறமை. மனவிழிப்பில் பயிற்சி என்று நாம் செய்வதெல்லாம் அந்தத் திருத்தத்தைத்தான். பத்து நிமிடம் உட்கார்ந்ததில் ஐம்பது தடவை மனம் ஓடியது என்று யாராவது வருத்தப்பட்டால், ஐம்பது தடவை திரும்பி வந்திருக்கிறாரே என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் விளையாட்டுக்கு வரும்போது ஒரு பெரிய சிக்கல் குறுக்கே நிற்கிறது. உடலைக் கவனி என்கிறது மனவிழிப்பு. உடலைக் கவனித்தால் ஆட்டம் கெடும் என்கிறது இன்னொரு ஆராய்ச்சிக் குவியல். இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா?

1998இல் ஜெர்மன் ஆய்வாளர் கேப்ரியேலே வுல்ஃபும் அவரோடு பணியாற்றியவர்களும் பனிச்சறுக்கு போல இடவலமாக ஆடும் ஒரு மேடையில் மனிதர்களை ஏற்றினார்கள். ஒரு குழுவிடம், உங்கள் காலால் அழுத்துவதைக் கவனியுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், காலுக்கு அடியில் இருக்கும் சக்கரத்தை அழுத்துவதைக் கவனியுங்கள் என்றார்கள். காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த தூரம் மிகக் கொஞ்சம். ஆனாலும் சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதற்குப் பிறகு பல விளையாட்டுகளில் இதே முடிவு வந்திருக்கிறது. கவனம் உடலுக்கு வெளியே, செயலின் விளைவில் இருக்கும்போது அசைவு சரளமாகிறது. பரிசல்காரர் கையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்ப்பதற்கான விளக்கம் இங்கே கிடைக்கிறது.

2002இல் சியன் பெய்லாக்கும் அவரோடு இருந்தவர்களும் கால்பந்தில் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போது, காலின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனித்துச் சொல்ல வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது உதவியது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு ஆட்டம் கெட்டது. பல வருடம் பழகிய அசைவு நினைவின் அடித்தளத்துக்குப் போய்விடுகிறது. அதை மறுபடி மேலே இழுத்து ஒவ்வொரு அடியாக மேற்பார்வை பார்த்தால் அது துண்டுதுண்டாகிவிடும். இறுதிப் போட்டியில், ஊரே பார்க்கும்போது, நன்றாக ஆடுகிறவர் சொதப்புவதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. பயம் வந்ததும் அவர் தன் காலை மேற்பார்வை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆய்வு நிற்கிறது. 1977இல் வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம், ஓடும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டார்கள். ஓடும் வேதனையை மறக்கப் பாட்டையோ, கட்டப்போகும் வீட்டையோ, பழைய நினைவுகளையோ மனத்தில் ஓட்டுவோம் என்று உலகத்தரத்து ஓட்டக்காரர்களும் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடுத்தர ஓட்டக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். உலகத்தரத்தில் இருந்தவர்களோ வேறு மாதிரி சொன்னார்கள். மூச்சு எப்படி இருக்கிறது, தொடை இறுகுகிறதா, தோள் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஓட்டம் முழுக்க உடலைக் கேட்டுக்கொண்டே ஓடுவோம், அதற்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்குவோம் என்றார்கள்.

முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. உடலுக்கு உத்தரவு போடுவது வேறு, உடல் சொல்வதைக் கேட்பது வேறு. முழங்காலை இவ்வளவு தூக்கு, பாதத்தை இப்படி வை என்று ஓடும்போதே கட்டளையிட்டால் அசைவு குலையும். தோள் இறுகியிருக்கிறது என்ற செய்தியை வாங்கிக்கொண்டு, அதைத் தளரவிட்டு, கண்ணை மறுபடி பாதையில் வைத்தால் ஓட்டம் சீராகும். மனவிழிப்பு பழக்குவது இந்த இரண்டாவதைத்தான். நல்ல பரிசல்காரருக்கு இரண்டும் ஒன்றாக நடக்கிறது. கண் ஆற்றில் இருக்கிறது, துடுப்பின் வழியே வரும் தண்ணீரின் இழுவையைக் கை கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆற்றை விட்டுக் கரையேறி ஊர்ப்பக்கம் வந்தால், பொங்கலை ஒட்டி, ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் கபடிப் போட்டி நடக்கும். மண்ணைக் கொத்திச் சமன் செய்து, கோடு போட்டு, விளக்குக் கட்டி, விடிய விடிய ஆடுவார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் இடம்பிடித்து, பிறகு தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் போட்டித் தொடராகவும் வளர்ந்துவிட்ட இந்த ஆட்டத்துக்குள், உலகின் வேறு பெரிய ஆட்டங்களில் இல்லாத ஒரு விதி இருக்கிறது. பாடிப் போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே பாட்டைத் தொடங்க வேண்டும். எதிரணிக் களத்தில் இருக்கும்வரை, ஒரே மூச்சில், ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு அறுந்தால் ரெய்டு முடிந்தது. இன்றைய விதிப்படி ஒரு ரெய்டுக்கு 30 விநாடி.

மூச்சையும் ஒரு சொல்லையும் பிடித்துக்கொண்டு மனத்தை நிறுத்துவது தியான மரபுகள் பலவற்றுக்கும் பொதுவான வழி. அதே இரண்டையும் ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்து, தவறினால் ஆட்டம் போச்சு என்று விதியும் எழுதியவர்கள் நம் ஊர்க்காரர்கள். யார், எந்தக் காலத்தில் என்று பெயர் இல்லாத அந்தக் கூட்டு அறிவை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருக்கிறது.

அந்தப் பாட்டுக்குள் உடலில் என்ன நடக்கிறது? பேச்சு என்பதே வெளிமூச்சுதான். உள்ளே இழுத்த காற்றைச் சிறுசிறு துண்டாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறார் பாடுகிறவர். சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது, மூச்சை உள்ளே இழுக்கையில் இதயத் துடிப்பு சற்று ஏறும், வெளியே விடுகையில் சற்று இறங்கும். வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் கடிவாளம் வெளிமூச்சின்போது இறுகுவதே காரணம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக, வெளிமூச்சை நீட்டி விடும் பயிற்சிகள் பதற்றத்தைத் தணிப்பது இதனால்தான். ஆனால் ரெய்டு போகிறவர் ஓடுகிறார், தாவுகிறார், அவர் இதயம் இறங்காது, ஏறத்தான் செய்யும். அவர் சந்திப்பது வேறொரு எதிரியை. வெளியே போக முடியாத கரியமில வாயு இரத்தத்தில் கூடிக்கொண்டே போகிறது. மூளையின் அடியில் இருக்கும் முகுளம் அதை உணர்ந்து, மூச்சை இழு என்று விரட்டுகிறது. மூச்சு முட்டுகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதல்ல, கரியமில வாயு ஏறியதால் வருவது. உடம்பில் இன்னும் சரக்கு இருக்கிறது, மணிதான் அடிக்கிறது. தொடங்கியபோது சொன்ன கபடி வேறு, இருபத்தைந்தாவது விநாடியில் சொல்லும் கபடி வேறு. அந்த மணிச்சத்தத்தில் மிரண்டு பாய்கிறவர் பிடியில் மாட்டுவார். சத்தத்தைக் கேட்டும் மிரளாமல் கோட்டுக்கு எத்தனை அடி என்று கணக்கிடுகிறவர் தப்பி வருவார்.

இந்த இடத்தைத் தொட்டுப் பார்த்த ஒரு ஆய்வு இருக்கிறது. லோரி ஹாஸ், மார்ட்டின் பாலஸ் ஆகியோரின் குழு 2015இல் அமெரிக்காவின் பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் ஏழு பேருக்கு மனவிழிப்புப் பயிற்சி கொடுத்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவர்களை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, குழாய் வழியாக மூச்சு விடச் செய்து, இடையிடையே உள்மூச்சு இழுப்பதைக் கடினமாக்கினார்கள். தடை வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு நிற அடையாளம் காட்டப்படும். பயிற்சிக்குப் பிறகு, மூச்சுத் தடை வருவதற்காகக் காத்திருந்த அந்தக் கணங்களில் இன்சுலா கூடுதலாக வேலை செய்தது. உடலின் அபாயச் செய்தியை அவர்கள் மூளை முன்னைவிடக் கூர்மையாக எதிர்கொண்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஏழே பேர்தான். அதனால் பெரிய முடிவு கட்டக் கூடாது. ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் மூளை எப்படித் தயாராகிறது என்ற கேள்வி கபடிக்காரர்களுக்கு அன்றாடக் கேள்வி.

சொல்லுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இஸ்ரேலில் அவிவா பெர்கோவிச்-ஒஹானாவும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தியானமே பழகாதவர்கள் ‘ஒன்று’ என்று பொருள்படும் ஹீப்ரு சொல்லை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மூளையின் செயல்பாடு பரவலாக அடங்கியது. குறிப்பாக, நேற்றையும் நாளையையும் அசைபோடும் அந்த வலைப்பின்னல் அடங்கியது. பக்தியோ பயிற்சியோ தேவைப்படவில்லை, ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்ததே போதுமாக இருந்தது. அவர்கள் அசையாமல் படுத்து மௌனமாகச் சொன்னார்கள். கபடிக்காரர் உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடுகிறார். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும், போன ரெய்டில் விட்ட பிடியை நினைத்து மருகுவதற்கு அந்தப் பாட்டு இடம் கொடுப்பதில்லை என்பதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரியும்.

வெளியே நிற்கிற பயிற்சியாளர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். “டேய், கோட்டை மிதிச்சிடாத! மூச்சை விட்டுடாத!” என்று கத்துவது எல்லா ஊர்க் களத்திலும் கேட்கும். அக்கறையில் வருவதுதான். ஆனால் டேனியல் வெக்னர் 1987இல், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னபோது, அந்தக் கரடிதான் அவர்கள் மனத்தில் திரும்பத் திரும்ப வந்து நின்றது. நினைக்கக் கூடாததை நினைக்கிறோமா என்று சரிபார்க்க, மனம் அதையே தேடிப் போக வேண்டியிருக்கிறது. 1998இல் கோல்ஃப் பந்தை வைத்தும் அவர் சோதித்தார். குழியைத் தாண்டி அடித்துவிடாதீர்கள் என்று எச்சரித்து, கூடவே மனத்துக்கு வேறொரு சுமையையும் கொடுத்தபோது பந்து தாண்டித்தான் போனது. களத்தில் இருக்கிறவருக்குச் சுமை ஏற்கெனவே நிறைய. “மிதிச்சிடாத” என்பதைவிட “இடப்பக்கம் போ” என்பது அவருக்கு உதவும்.

தவிப்பையும் இப்படித் துரத்த முடியாது. 2004இல் ஃபிராங்க் கார்ட்னரும் ஸெல்லா மூரும் விளையாட்டு வீரர்களுக்காக வகுத்த முறை, பழைய மனப்பயிற்சிகளிலிருந்து இந்த ஒரு இடத்தில் பிரிகிறது. பதற்றத்தை ஒழி, தன்னம்பிக்கையை ஏற்று, கெட்ட எண்ணத்தை விரட்டு என்று அதற்கு முன் சொல்லிக்கொடுத்தார்கள். இவர்கள், பதற்றம் இருந்துவிட்டுப் போகட்டும், நெஞ்சு படபடக்கட்டும், அதோடேயே செய்ய வேண்டியதைச் செய் என்றார்கள். தருமபுரிக்கு அடுத்த சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து போன மாரியப்பன் தங்கவேலு, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் அவர் தாண்டும்போது மழை பெய்தது. சிதைந்த காலில் போட்டிருந்த காலுறை நனைந்து தொல்லை கொடுத்தது என்று பின்னர் சொன்னார். மழையை நிறுத்த எந்த மனப்பயிற்சியாலும் முடியாது. நனைந்த காலோடு ஓடிவந்து 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். அவர் தியானம் பழகினார் என்று நான் சொல்லவில்லை. நினைத்தபடி அமையாத ஒரு நாளில் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று பக்கத்து ஊரில் கிடைக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதெல்லாம் பதக்கக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. விடியும் முன் தருமபுரிச் சாலைகளில் ஓடும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். காவலர் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் தயாராகிறவர்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் பல வருட எதிர்பார்ப்பு அந்த ஏழு நிமிடத்தில் ஓடுகிறது. முதல் சுற்றிலேயே பயத்தில் வேகமாக ஓடி, மூன்றாவது சுற்றில் விலாப் பிடித்து நின்றுவிடுகிறவர்கள் ஏராளம். மார்கனும் பொல்லாக்கும் கண்டது இவர்களுக்குத்தான் அதிகம் தேவை. பயிற்சி ஓட்டத்தில் வாரத்துக்கு ஒரு நாள் காதில் பாட்டு இல்லாமல் ஓடலாம். எத்தனை அடிக்கு ஒரு மூச்சு வருகிறது, முஷ்டி இறுகியிருக்கிறதா, தாடை கடித்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்டபடி ஓடலாம். மனம் தேர்வு முடிவுக்குப் போய்விட்டால், போய்விட்டது என்று தெரிந்துகொண்டு அடுத்த மூச்சுக்குத் திரும்பலாம். அரூர் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தீர்த்தமலை ஏற்றமே போதுமான பள்ளிக்கூடம். எவ்வளவு தூரம் இருக்கிறது என்று உச்சியைப் பார்த்தபடி ஏறுகிறவருக்கும், வைக்கிற அடியைப் பார்த்து ஏறுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை முழங்காலே சொல்லிவிடும்.

இந்தப் பயிற்சியை விற்கிறவர்கள் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நோட்டலும் குழுவினரும் 2019இல் விளையாட்டில் மனவிழிப்பு பற்றிய அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கவனமும், ஆட்டத்தில் ஒன்றிப்போகும் நிலையும் மேம்பட்டு, பதற்றம் குறைவதற்கான அறிகுறிகள் இருந்தன. ஆனால் ஆய்வுகளின் தரம் பொதுவாகத் தாழ்வாக இருந்தது. சிறிய குழுக்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாத சோதனைகள், வீரர்களே தங்களைப் பற்றிச் சொன்ன பதில்கள். பாதி வயிற்றோடு ஓடவருகிற பிள்ளைக்கு முட்டையும் நல்ல காலணியும் கொடுக்காமல் மூச்சைக் கவனி என்று சொல்வது அநியாயம். அவை முதலில் வர வேண்டும். சிலருக்கு, குறிப்பாகப் பெரிய அதிர்ச்சிகளைச் சுமந்திருப்பவர்களுக்கு, கண்மூடி உட்காருவதே கலக்கத்தைக் கிளப்பலாம். அவர்களுக்கு நடையும் வேலையும் நல்லவை, தேவைப்பட்டால் மருத்துவரும்.

ஆதாரம் போதவில்லை என்றால் சேர்க்கத்தான் வேண்டும். அதற்குக் கோபன்ஹேகன் போக வேண்டியதில்லை, தருமபுரியிலேயே ஒரு கல்லூரி உடற்கல்வித் துறை செய்து முடிக்கலாம். நாற்பது கபடி ஆட்டக்காரர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்கலாம். இரண்டு குழுவுக்கும் ஒரே பயிற்சி, ஒரே சாப்பாடு. ஒரு குழு தினமும் பத்து நிமிடம் மூச்சை எண்ணி உட்காரட்டும், பிறகு பாட்டின் ஓசையிலேயே கவனம் வைத்து ஐந்து ரெய்டு போகட்டும். மற்றக் குழு அதே நேரத்துக்குத் தசைகளை நீட்டும் பயிற்சி செய்து, அதே ஐந்து ரெய்டு போகட்டும். எட்டு வாரம் கழித்து, யார் எந்தக் குழு என்று தெரியாத ஒரு நடுவர் காணொளியைப் பார்த்து இரண்டை மட்டும் எண்ணட்டும்: பாட்டு எத்தனை தடவை அறுந்தது, கடைசி ஐந்து விநாடியில் எத்தனை பேர் கோட்டுக்குத் திரும்பினார்கள். தேவைப்படுவது ஒரு கேமரா, ஒரு விசில். அடுத்த பொங்கல் போட்டிக்கு முன் தொடங்கினால், முடிவைக் களத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.